நான்கு மடிப்புக்குள் வெள்ளீயம்: கரிம உலோகச் சேர்மம் எப்படி இயங்குகிறது?

நெகிரி செம்பிலானில் மண்ணுக்கு மேலே பால்மரம் என்றால், மண்ணுக்குக் கீழே வெள்ளீயம். பழைய ஆவணங்களில் சுங்கை ஊஜோங் என்று வரும் வட்டாரம்தான் இன்றைய சிரம்பான். அது ஊராகத் திரண்டதே ஈயலம்பங்களால். 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதற்கும் ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருந்ததே முக்கியக் காரணம். ரப்பர் பிறகுதான் வந்தது. ரந்தாவ், லிங்கி, லாபு, சிலியாவ், பகாவ் என்று தோட்டங்கள் எழும்பின. நம் ஆட்கள் லயங்களில் குடியேறினார்கள்.

தோட்டத்து வீடுகளில் வெள்ளீயம் இரண்டு உருவத்தில் இருந்தது. ஒன்று, இனிப்புப் பால் டின்னின் உட்புறத்தில் இருந்த மெல்லிய பூச்சு. இன்னொன்று, ஊரிலிருந்து சீதனமாக வந்த ஈயச்சொம்பு. சுத்த வெள்ளீயத்தில் வார்த்த சொம்பாக இருந்தால் அதில் ரசம் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் குடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. (காரீயம் கலந்த சொம்பு வேறு கதை, அதை அடுப்பில் ஏற்றவே கூடாது.) உணவோடு வயிற்றுக்குள் போகிற வெள்ளீயத்தில் மிகச் சிறு பங்கைத்தான் உடல் உள்வாங்குகிறது. மற்றதெல்லாம் வந்த வழியே வெளியேறிவிடும்.

இப்போது இன்னொரு செய்தி. 1954இல் பிரான்சில் ஸ்டாலினோன் என்ற பெயரில் ஒரு மருந்து விற்கப்பட்டது. தோலில் வரும் கட்டிகளுக்கு விழுங்கும் குளிகை அது. அதிலும் வெள்ளீயம்தான். விழுங்கியவர்களில் ஏறத்தாழ 100 பேர் மூளை வீங்கி இறந்தார்கள். தப்பியவர்களில் பலர் முடமானார்கள்.

ரசத்தில் சாதுவாக இருந்த உலோகம் குளிகையில் எப்படிக் கொலைகாரன் ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் துறைக்குப் பெயர் கரிம உலோக வேதியியல். உலோக அணுவோடு கரி அணு நேரடியாகப் பிணைந்திருக்கும் சேர்மங்களை ஆராய்வது அதன் வேலை. இந்த மண்ணின் ஈயத்தையே எடுத்துக்கொண்டு அந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தவர் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. ஜி. குமார் தாஸ். அவருடைய ஆய்வுப் பட்டியலைப் புரட்டினால் தலைப்புகளே மிரட்டும்: ட்ரைஃபீனைல், டைசைக்ளோஹெக்சில், கார்பாக்சிலேட்டு என்று போகும். அடுப்படிப் பக்கம் கொண்டுவந்தால் அந்தத் தலைப்புகள் அவ்வளவு மிரட்டாது.

கறிபாப் செய்கிறவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மைதாவில் உப்பும் மாஜரினும் போட்டு, காய்ந்த எண்ணெயைச் சுடச்சுட ஊற்றிப் பிசறி, தண்ணீர் தெளித்துப் பிசைகிறோம். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி, வெங்காயம், கறிவேப்பிலை, கறித்தூளோடு ஈரம் வற்றும் வரை வதக்கி ஆறவைக்கிறோம். மாவை வட்டமாக வெட்டி, கிழங்கை வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பின்னுகிறோம். நம் கணக்குக்கு வட்டம் வேண்டாம். மாவைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். கிழங்கை நடுவில் வைத்து நான்கு மூலைகளையும் மேலே இழுத்து ஒட்டுங்கள். நான்கு மடிப்பு, நடுவில் மசாலா.

மசாலாதான் வெள்ளீய அணு. ஒவ்வொரு மடிப்பும் அதோடு பிணைந்த ஒரு கரிமத் தொகுதி. மாவில் எண்ணெய் பிசறியிருக்கிறது அல்லவா, அதுபோலக் கரிமத் தொகுதிகளும் எண்ணெய்ப் பசை உள்ளவை, தண்ணீரோடு சேராதவை. இனி குவாலியில் கொதிக்கும் எண்ணெய். உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு உண்டு. அந்தச் சவ்வின் நடுப்பகுதி முழுக்கக் கொழுப்பு. வெளியே தண்ணீர், உள்ளே தண்ணீர், இடையில் எண்ணெய். உள்ளே போக நினைக்கிற எந்தப் பொருளும் ஒன்று அந்த எண்ணெயைக் கடந்தாக வேண்டும், இல்லையென்றால் சவ்வில் தனக்கென்று ஒரு கதவு வைத்திருக்க வேண்டும்.

மடிப்பே இல்லாத மசாலாவை, ஈரத்தோடு, அப்படியே எண்ணெயில் போட்டால் என்ன ஆகும்? வெடித்துத் தெறிக்கும். எண்ணெய் அதை ஏற்றுக்கொள்வதில்லை. சாதாரண வெள்ளீய உப்புகளின் நிலை அதுதான். சவ்வு அவற்றை ஏற்பதில்லை. ஈயச்சொம்பு ரசம் நம்மை ஒன்றும் செய்யாததற்குப் பெரும்பங்கு காரணம் இது.

ஒரு மடிப்பு மட்டும் இருந்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை. இரண்டு மடிப்பு என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவை செல்லுக்குள் ஓரளவு நுழைந்து, கந்தகம் தாங்கிய நொதிகளைப் பற்றிக்கொள்ளும்.

நான்கு மடிப்பும் இறுக ஒட்டிய கறிபாப் எண்ணெயில் சுகமாக மிதக்கும். உள்ளே இருப்பது வெளியே வராது. எண்ணெயும் தெளிவாகவே இருக்கும். நான்கு கரிமத் தொகுதிகள் கொண்ட வெள்ளீயமும் அப்படித்தான், கொழுப்பில் எளிதாகக் கரையும், ஆனால் உடனே யாரையும் தாக்காது. ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நம் கல்லீரல் அதில் ஒரு மடிப்பைப் பிரித்துவிடும். பிரித்ததும் அது மூன்று மடிப்புக் கறிபாப் ஆகிவிடுகிறது.

அந்த மூன்றாம் எண்ணிக்கையில்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. மூன்று பக்கம் மூடி, ஒரு மூலை மட்டும் வாய் திறந்த கறிபாப் எண்ணெயில் சிரமமில்லாமல் இறங்குகிறது. மூன்று மடிப்பு அதற்கு அனுமதிச்சீட்டு. இறங்கிய பிறகு, திறந்த மூலை வழியாக மசாலா வேலையைக் காட்டுகிறது. முழுக்கத் திறந்தது நுழைய முடியாது. முழுக்க மூடியது நுழைந்தாலும் எதையும் தொட முடியாது. மூன்று மடிப்பு வெள்ளீயம் மட்டும் இரண்டையும் செய்கிறது. ஸ்டாலினோனில் இருந்திருக்க வேண்டியது இரண்டு ஈத்தைல் தொகுதிகள் கொண்ட சேர்மம். தயாரிப்பில் மூன்று ஈத்தைல் கொண்டது கலந்துவிட்டது. ஒரே ஒரு மடிப்பு வித்தியாசம், நூறு உயிர்.

செல்லுக்குள் அது செய்யும் காரியத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். செல்லின் ஆற்றல் மைட்டோகாண்ட்ரியா என்னும் சிற்றறைகளில் தயாராகிறது. அந்த அறையின் சவ்வுக்கு வெளிப்புறத்தில் அமிலத்தன்மை கூடுதலாகவும் உட்புறத்தில் குறைவாகவும் இருக்கும்படி உடல் ஓயாமல் பார்த்துக்கொள்கிறது. அந்த ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் ஆற்றல் பிறக்கும். மூன்று மடிப்பு வெள்ளீயம் திறந்த மூலையில் ஒரு குளோரைடை வைத்துக்கொண்டு சவ்வைக் கடக்கும். மறுபக்கத்தில் அதை விட்டுவிட்டு ஒரு ஹைட்ராக்சைடை எடுத்துக்கொண்டு திரும்பும். மறுபடி குளோரைடு, மறுபடி ஹைட்ராக்சைடு. இப்படி இடைவிடாமல் போய்வந்தால் இரண்டு பக்கமும் சமமாகி, ஏற்றத்தாழ்வு கரைந்துபோகிறது. அதோடு ஆற்றல் தயாரிக்கும் நொதியையும் நேராகவே பற்றி நிறுத்திவிடும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும்போதே செல் பட்டினி கிடக்கிறது. கறிபாப் உவமை இந்த இடத்தில் போதாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தக் கறிபாப்பும் இப்படிப் போய்வந்து பண்டமாற்று செய்வதில்லை. ஆனாலும் போகவும் வரவும் முடிவதற்குக் காரணம் அந்த மூன்று மடிப்புதான்.

இந்த மடிப்புக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. இங்கிலாந்தின் எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் 1849 வாக்கிலேயே வெள்ளீயத்தோடு ஈத்தைல் தொகுதிகளைப் பிணைத்துவிட்டார். இப்படிச் செய்த சேர்மங்களை வரிசையாக வைத்துப் பார்த்துத்தான், ஒவ்வொரு தனிமத்துக்கும் இத்தனை பிணைப்பு என்று ஓர் அளவு இருக்கிறது என்ற கருத்தை 1852இல் முன்வைத்தார். இணைதிறன் என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்வது அங்கிருந்து வந்தது. தமிழ்ப்பள்ளி அறிவியல் வகுப்பில் இதை யாராவது சொல்லித் தந்தால் அந்தப் பாடம் எவ்வளவு உயிரோடு இருக்கும்!

நூறு ஆண்டுகள் கழித்து, 1950களில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வான் டெர் கெர்க் குழு மூன்று மடிப்பு வெள்ளீயங்களை வரிசையாகச் சோதித்தது. மடிப்பின் எண்ணிக்கை மட்டுமல்ல, மாவின் தடிப்பும் முக்கியம் என்று அப்போது தெரிந்தது. ஒரு கரி மட்டும் உள்ள மெத்தைல் மிக மெல்லிய மாவு. அது பூச்சிகளை அதிகம் தாக்குகிறது. இரண்டு கரி உள்ள ஈத்தைல், பாலூட்டிகளுக்கு மிகக் கொடியது. மனிதரும் அதில் அடக்கம். நான்கு கரி உள்ள பியூட்டைல், பூஞ்சைகளுக்கும் நத்தை, மீன் போன்ற நீர்வாழ் உயிர்களுக்கும் எமன். ஃபீனைல் வளையங்கள் பூஞ்சைக்கு. பருத்த சைக்ளோஹெக்சில் வளையங்கள் செடியைத் தின்னும் சிலந்திப்பேன்களுக்கு. எட்டுக் கரி உள்ள ஆக்டைல் வரை போனால் மாவு அவ்வளவு தடித்துவிடுகிறது, மசாலா எதையும் எட்டாது. பாலூட்டிகளுக்கு அது ஏறத்தாழத் தீங்கற்றது. ஒரே வெள்ளீயம்தான். மாவை மாற்றினால் சாகிற உயிர் மாறுகிறது.

வேளாண்மைக்கு இது பெரிய வரமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. மூன்று ஃபீனைல் கொண்ட வெள்ளீய அசிட்டேட்டும் ஹைட்ராக்சைடும் 1960 வாக்கில் உருளைக்கிழங்கு நோய்க்கு மருந்தாக ஐரோப்பியச் சந்தைக்கு வந்தன.

மலேசியாவுக்கு இதில் இன்னொரு அக்கறையும் இருந்தது. நெடுங்காலம் உலகிலேயே அதிக வெள்ளீயம் தோண்டிய நாடு நம்முடையது. 1985 அக்டோபர் 24 அன்று அனைத்துலக வெள்ளீய மன்றம் கடனில் மூழ்கி, சந்தையைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. விலை ஏறத்தாழப் பாதியாக விழுந்தது. லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கட்டியாக ஏற்றுமதி செய்வதைத் தவிர இந்த உலோகத்தை வேறு எப்படிப் பயன்படுத்தலாம் என்பது அப்போது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வியாக இருக்கவில்லை. குமார் தாஸின் உழைப்பை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1989இல் கோலாலம்பூரில் சிலிக்கான், வெள்ளீயம் இரண்டுக்குமாக ஓர் அனைத்துலக மாநாடு கூடியது. அதன் கட்டுரைகளை அவரும், அதே பல்கலைக்கழகத்தின் படிகவியலாளர் இங் சேக் வெங்கும், பெல்ஜியத்தின் மார்செல் ஹீலனும் தொகுத்து, 1992இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் புத்தகமாக வெளியிட்டது.

அவருடைய வேலையின் மையம் இதுவரை நாம் பேசாத ஓர் இடம்: திறந்த மூலை. மூன்று மடிப்பு வெள்ளீயத்தில் நான்காவது இடம் காலியாக இருப்பதில்லை. அங்கே குளோரைடோ, ஹைட்ராக்சைடோ, அசிட்டேட்டோ, வேறு ஏதோ ஓர் அமிலத் துண்டோ உட்கார்ந்திருக்கும். அது எளிதில் கழன்றுவிடுகிற இணைப்பு, திறந்த மூலையில் சும்மா செருகி வைத்த துண்டு. அந்தத் துண்டை மாற்றினால் மருந்தின் குணம் மாறுமா?

இன்னொரு சிக்கல், வெள்ளீயம் நான்கோடு நிற்பதில்லை. இடம் கிடைத்தால் ஐந்தாவதையும் பிடித்துக்கொள்ளும். அப்போது மூன்று மடிப்புகளும் இடுப்பைச் சுற்றி ஒரே மட்டத்தில் விரிந்துவிடுகின்றன. மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய். ஒரு மூலக்கூறின் மேல் வாயில் இருக்கும் துண்டு அடுத்த மூலக்கூறின் கீழ் வாயையும் பற்றிக்கொள்ளும். இப்படியே ஒன்றோடு ஒன்று கோத்து நீண்ட சங்கிலியாகிவிடும். மூன்று ஃபீனைல் வெள்ளீய ஹைட்ராக்சைடு திடநிலையில் இப்படிச் சங்கிலியாகத்தான் இருக்கிறது. சங்கிலி எளிதில் கரையாது. தெளிக்கிற மருந்துக்குக் கரைவதும் கரையாததும் சின்ன விஷயமா? மூலையில் செருகும் துண்டைப் பெரியதாக, இடைஞ்சலானதாக எடுத்துக்கொண்டால் கோர்வை அறுந்து தனித்தனி மூலக்கூறாக நிற்கும். கரையும் விதமும் மாறும். கார்பாக்சிலேட்டு, கார்பாக்சிலேட்டு என்று அந்த ஆய்வுத் தலைப்புகளில் திரும்பத் திரும்ப வருவது இந்தத் துண்டுதான்.

கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறில் மூன்று மடிப்பும் விரிந்திருக்கிறதா, குவிந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படிகமாக வளர்த்து எக்ஸ்-கதிரில் படமெடுக்கலாம். இங் சேக் வெங் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதுதான். ஏராளமான படிக அமைப்புகளை வெளியிட்டவர் அவர். ஆனால் எல்லாப் பொருளும் நல்ல படிகமாக வளர்ந்துவிடாது. அப்படி வளராதவற்றுக்கு மாஸ்பவர் நிறமாலை உதவும். குறிப்பிட்ட ஆற்றல் கொண்ட காமா கதிரை வெள்ளீயப் பொடியின் மீது செலுத்துகிறார்கள். கதிர் வரும் மூலத்தை நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்துகிறார்கள். கதிரின் ஆற்றல் அதனால் இம்மியளவு கூடும், குறையும். வெள்ளீயத்தின் அணுக்கரு தனக்குப் பொருந்திய ஆற்றல் வரும்போது மட்டும் அதை விழுங்கும். வரைபடத்தில் அது பள்ளமாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டு பள்ளங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நொடிக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்துக்கும் மேலே போனால் மூன்று மடிப்பும் ஒரே மட்டத்தில் விரிந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அதைவிடக் குறைவு என்றால் குவிந்திருக்கிறது. ஐந்து இடமும் நிரம்பிய வெள்ளீயத்துக்கு இந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கிடும் முறை பற்றி பான்கிராஃப்ட், ஷாம், கிளார்க் ஆகியோரோடு சேர்ந்து குமார் தாஸ் 1976இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பிறகு பலரும் எடுத்தாண்ட ஒன்று. இரண்டு பள்ளத்துக்கு இடையில் உள்ள தூரத்தை வைத்து ஒரு மூலக்கூறின் உருவத்தைச் சொல்லிவிடுவது, எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தருகிறது.

உருவம் தெரிந்த பிறகு பூஞ்சையிடம் கேட்க வேண்டும். 1980களின் இறுதியில் வந்த கட்டுரைகளில் குமார் தாஸின் பெயரோடு பூஞ்சை ஆய்வாளர் குத்புத்தீன், விக்னேஸ்வரி, பாலபாஸ்கரன் ஆகிய பெயர்களைப் பார்க்கிறேன். பார்க்கையில் தனி மகிழ்ச்சி. பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளைத் தட்டுகளில் வளர்த்து, மூன்று மடிப்பு வெள்ளீயங்களை வெவ்வேறு அளவில் சேர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். இந்தத் துறையில் பலரும் கண்டறிந்த முடிவு இதுதான்: கொல்லும் திறனை முதன்மையாகத் தீர்மானிப்பது அந்த மூன்று மடிப்பு. மூலையில் செருகிய துண்டு, அது தானே நஞ்சாக இல்லாதவரை, கரைதிறனையும் செடிக்கு நேரும் பாதிப்பையும் மாற்றுமே தவிர, அடிப்படைக் குணத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை.

அந்தக் காலத்தில் இந்த மருந்துகளுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம் ஒன்று உண்டு, நியாயமான வாதம். வெயிலும் நுண்ணுயிர்களும் மடிப்புகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடும். மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, கடைசியில் வெறும் வெள்ளீயம் மிஞ்சும்; அதுதான் ரசச்சொம்பில் இருப்பது. வேலை முடிந்ததும் தானாகச் சாதுவாகிவிடும் நஞ்சு! கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெயில் படும் நீரில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. கடலடிச் சேற்றில் வெயில் ஏது? அங்கே மடிப்பு உதிர மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள் ஆகின்றன.

கப்பலின் அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க மூன்று பியூட்டைல் வெள்ளீயத்தைச் சாயத்தில் கலந்து பூசினார்கள். 1970களின் கடைசியில் பிரான்சின் அர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிகள் குஞ்சு பொரிக்காமல் போயின, ஓடுகள் விகாரமாகத் தடித்தன. 1982இல் சிறு படகுகளுக்கு அந்தச் சாயத்தைப் பிரான்சு தடை செய்தது. நத்தைகளில் இன்னும் விபரீதம்: பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே அதற்குப் போதுமானது. மலாக்கா நீரிணையிலும் இதே மாற்றம் இருப்பதை ஆய்வாளர்கள் 1990களில் பதிவு செய்தார்கள். போர்ட்டிக்சன் கடற்கரையில் நாம் கால் நனைக்கும் அதே கடல்தான். இந்தச் சாயங்களைத் தடுக்கும் அனைத்துலக ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. சிலந்திப்பேனைக் கொல்லும் சைக்ளோஹெக்சில் மருந்தும் கருவைப் பாதிக்கும் என்ற அச்சத்தால் 1987இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

எல்லாக் கரிமவெள்ளீயமும் இப்படி விரட்டப்படவில்லை. இரண்டு ஆக்டைல் மடிப்பு கொண்டவை பிவிசி பிளாஸ்டிக்கைச் சூட்டில் கருகாமல் காக்கும் பொருளாக உணவுப் பொட்டலங்கள்வரை அனுமதி பெற்றிருக்கின்றன. தடித்த மாவு, இரண்டே மடிப்பு என்று நம் கணக்கைப் போட்டால் காரணம் விளங்கும்.

இதை எல்லாம் தோட்டத்து ஆட்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்? அவர்கள் கைபட்ட பொருள்களில் இந்த வேதியியல் இருந்தது, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அதனால்தான். லாலான் புல்லை அழிக்க மலாயாத் தோட்டங்களில் பல ஆண்டுகள் சோடியம் ஆர்செனைட்டைத் தெளித்தார்கள். மேய்ந்த மாடுகளும் மனிதரும் அதற்குப் பலியானதுண்டு. பிறகு எம்.எஸ்.எம்.ஏ. என்ற களைக்கொல்லி வந்தது. அதிலும் ஆர்செனிக்தான், ஆனால் ஒரு மெத்தைல் மடிப்போடும், மின்னேற்றம் கொண்ட ஆக்சிஜன்களோடும் இருக்கும். ஒரே மடிப்பு என்பதால் எண்ணெயில் இறங்காது, சிறுநீரோடு வெளியேறிவிடும். நச்சுத்தன்மை ஆர்செனைட்டைவிடப் பல மடங்கு குறைவு. வெள்ளீயத்தில் மூன்று மடிப்புவரை கரி சேரச் சேர ஆபத்து கூடியது. இங்கே கரி சேர்ந்து ஆபத்து குறைந்தது. ஆர்செனைட்டுக்குச் சவ்வில் தனிக் கதவு இருக்கிறது, அது எண்ணெயைக் கடக்கவே தேவையில்லை என்பதுதான் வித்தியாசம். பெரட்டுக்களத்தில் இரண்டையும் “மருந்து” என்ற ஒரே சொல்லால்தான் அழைத்தார்கள். பால் வெட்டிய பட்டையில் பூஞ்சை பிடிக்காமல் பூசிய மருந்துகளில் பாதரசமும் கரியும் பிணைந்த சேர்மங்களும் ஒரு காலத்தில் இருந்தன. தூரிகையைப் பிடித்த கைக்கு உறை கிடையாது.

உறை இருந்தாலும் எது என்பது முக்கியம். 1996 ஆகஸ்டில் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியலாளர் இரண்டு மெத்தைல் மடிப்பு கொண்ட பாதரசத்தை அளந்துகொண்டிருந்தார். பாதரசத்துக்கு இருப்பதே இரண்டு இடம்தான். அதனால் அது, நான்கு மடிப்பு வெள்ளீயத்தைப் போல, முழுக்க மூடிய கறிபாப். உறைபோட்ட கையில் ஓரிரு துளி சிந்தியது. உறை லேடெக்ஸ், அதாவது பால்மரத்துப் பாலில் செய்தது. பால்மரத்து ரப்பர் தண்ணீரைத் தடுக்கும். ஆனால் அதுவே கரியும் ஹைட்ரஜனும் மட்டும் கோத்த சங்கிலி, எண்ணெய்ப் பசை கொண்ட பொருளுக்கு அது தடையல்ல. துளி சில நொடிகளில் உறையைக் கடந்து, தோல் வழியாக உடலுக்குள் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மாதம் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8 அன்று இறந்தார். உலோக நஞ்சுகளை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட பேராசிரியர் அவர். அன்றைய பாதுகாப்பு விதிகளை மீறவும் இல்லை. அவர் இறந்த பிறகுதான் விதிகள் மாறின.

இன்று அந்தப் பழைய தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. மருந்தடிக்கிறவர்களில் தமிழரும் உண்டு, இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் உண்டு. அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். கலனில் “பெராவிஸ் அக்திஃப்” (செயல்படும் மூலப்பொருள்) என்று எழுதியிருக்கும் இடத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். தண்ணீரில் கலந்ததும் பாலாக வெளுக்கும் மருந்து என்றால் அது எண்ணெய்க் கரைப்பானில் இருக்கிறது. அதற்கு மெல்லிய ரப்பர் உறை போதாது. முழங்கைவரை வரும் தடித்த நைட்ரைல் உறை வேண்டும். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அதை நிர்வாகம்தான் கொடுக்க வேண்டும். அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் காசு பிடிக்கக் கூடாது.